துண்டு உட்கார்ந்த இடம்

ஸ்ரீபெரும்புதூர்
21.8.1983

அன்புள்ள அற்புதமேரிக்கு,

உன் கணவன் அமிர்தநாதன் எழுதுவது. நலம் என்றுதான் கடிதம் தொடங்க வேண்டும், ஆகவே நலம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் அத்தை மாமாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் மாதாவிடம் கேட்டுக்கொண்டேன். பூசையில் பாதி நேரம் தூங்கிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கனவில் வந்து கேட்பாய்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கடலோரத்தில் பிறந்தவனுக்குக் கடலே இல்லாத ஊரில் மீன்துறையில் என்ன வேலை என்று அத்தை கேட்டதாக எழுதியிருந்தாய். 'மருமகன் மீனுக்குக் காவலா, மீன் மருமகனுக்குக் காவலா' என்றும் கேட்டார்களாமே. நல்ல கேள்வி. இங்கே வந்த நாளிலிருந்து நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கல்யாண லீவில் உன்னிடம் இதையெல்லாம் சொல்ல நேரம் இருக்கவில்லை. இப்போது கேள்.

இங்கிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் பென்னலூர். அந்த ஊர் ஏரியில் கால்வாய் வந்து விழும் இடத்தை 'வாய்' என்கிறார்கள். புதுத்தண்ணீர் விழுகிற இடத்தில் மீன் கூடும். மீன் கூடினால் மனிதனும் கூடுவான். வலை போடுகிறவர்கள் குத்தகைக்காரர் பொறுப்பு. தூண்டில்காரர்கள் என் தலையில். தூண்டில் போடுவதற்கு லைசென்ஸ் வேண்டும் என்று விதி வந்து, அந்த லைசென்ஸைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதற்காக எனக்கு ஒரு காக்கிச் சட்டையும் ஒரு விசிலும் கொடுத்திருக்கிறார்கள். விசிலை ஊதினால் மீன்தான் ஓடுகிறது. மனிதர்கள் அப்படியே குந்தியிருக்கிறார்கள்.

விதியை எழுதியவர் ஆறு கடலில் கலக்கும் இடங்களை நினைத்து எழுதியிருக்கிறார். நம் தாமிரபரணி கலக்கிற இடம் மாதிரி. கால்வாய் ஏரியில் விழும் இடத்துக்கும் அதுவே போதும் என்று ஏதோ ஒரு ஃபைலில் யாரோ முடித்துவிட்டார்கள். அதனால் என் கையில் இருக்கும் தாளில் 'கடல் ஏற்றம் வடியும் நேரத்தில் தூண்டில் போடலாகாது' என்று ஒரு வரி. அதைச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டியது என் கடமை. போன மாதம் வாசித்தேன். இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் நேரே ஏரிக்கு வந்திருந்த ஒரு கம்பெனி ஆள் என்னை மேலும் கீழும் பார்த்து, 'கடலா? இன்னா சார், நீயும் ஓ.டி. பாத்துட்டு வரியா?' என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். காக்கிச் சட்டையில் இருந்ததால் சிரிக்கவில்லை.

மற்ற விதிகளில் ஓரளவு நியாயம் உண்டு. சாண் நீளம் இல்லாத மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். ஆளுக்கு ஒரு தூண்டில். வீட்டுக்கு ஒரு லைசென்ஸ். லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையில்தான் தூண்டில் இருக்க வேண்டும். அண்ணன் தம்பியோ மனைவி மக்களோ வாங்கிப் போடக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் என் உயிரை எடுக்கிறது.

கன்னியப்பன் என்று ஒருவர். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்த்தவர். போன வருஷம் வாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. எப்போதாவது ஒரு சொல்தான் வரும், அதுவும் திக்கித் திணறி. வயது நாற்பதுகூட ஆகியிருக்காது. அவர் மனைவி கோவிந்தம்மா காலையில் அவரை ஒரு கைவண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு ஏரிக்கு வருகிறாள். வேலமரத்தடியில் வண்டியை நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைப்பாள். தூண்டில் கழியை அவருடைய இடது கையில் கொடுத்து, நழுவாமல் இருக்கப் புடவைக் கிழிசலால் ஒரு கட்டுக் கட்டுவாள். புழு கோப்பது அவள். தக்கை அமிழ்ந்ததும் அவர் 'ம்' என்பார். அவள் அவர் முழங்கையைப் பிடித்து வெடுக்கென்று தூக்குவாள். மீன் வரும். தூண்டில்காரனுக்குத் தக்கைமேல் கண் என்பார்கள். இவளுக்குப் புருஷன் முகத்தின்மேல் கண்.

இப்போது நீ சொல், மீன் பிடித்தது யார்? நான் கோவிந்தம்மாவிடமே கேட்டேன். 'கையி அவுருது, கழி அவுருது, பேரு அவுருது. நான் எங்க வூட்டுக்காரர் முயங்கையப் புட்சிக்கினு நிக்கிறேன், அவ்ளோதான். அதுக்கும் லைசென்ஸ் கேக்குதா உங்க கவர்மெண்டு?' என்றாள். மனைவியின் கை கணவனின் முழங்கையில் இருந்தால் தூண்டில் யார் கையில் இருப்பதாகக் கொள்வது என்று ஆபீசுக்கே எழுதிக் கேட்டேன். ஆய்வாளர் கண்ணப்பன் கூப்பிட்டனுப்பினார். நான் எழுதிய தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். 'சில கேள்விகளை எழுதிக் கேட்டால் பதில் வந்துவிடும், அமிர்தநாதன். வந்துவிட்டால் நீதான் அதன்படி செய்ய வேண்டும். போய் வேலையைப் பார்' என்றார்.

நல்ல மனிதர். நம் மாற்றல் விண்ணப்பம் அவர் மேசையில்தான் இருக்கிறது. தூத்துக்குடியில் டிசம்பரில் ஓர் இடம் காலியாகிறதாம். 'இந்த மழைக்காலத்தை ஒரு புகார் இல்லாமல் முடித்துக்கொடு, உன்னை உன் பெண்டாட்டியிடம் அனுப்பிவைப்பது என் பொறுப்பு' என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆகவே புகார் வராமல் இருப்பதுதான் இப்போது என் வேலை. இதைவிடக் களைப்பான வேலை ஒன்றும் இல்லை மேரி. சும்மா இருப்பவனுக்குக்கூட ராத்திரி தூக்கம் வரும்.

வெயிலில் நடக்காதே. இளநீர் குடி. அத்தையிடம் என் பதிலைச் சொல்ல வேண்டாம்.

மாதா உன்னைத் தாங்கிக்கொள்ளட்டும்.

உன்
அமிர்தநாதன்



ஸ்ரீபெரும்புதூர்
30.10.1983

என் மகனைப் பெற்ற மகராசிக்கு,

தந்தி வந்தபோது நான் ஏரியில் இருந்தேன். நான் தங்கியிருக்கும் லாட்ஜின் பையன் யாரிடமோ கொடுத்து, அவர் கம்பெனி பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தார். தந்தி என்றால் சாவு என்று இங்கே ஒரு நினைப்பு. நான் பிரிக்கும்போது தூண்டில்காரர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மகன் என்று சொன்னதும் ஒரே சத்தம். அன்றைக்கு மட்டும் நான் யாரிடமும் லைசென்ஸ் கேட்கவில்லை, யாரும் என்னைத் திட்டவும் இல்லை.

கோவிந்தம்மா, பிள்ளை பெற்றவளுக்கு உங்கள் ஊரில் என்ன மீன் கொடுப்பார்கள் என்று கேட்டாள். பால்சுறா என்றேன். 'அது இங்க இல்ல, நீ இத்த துன்னு' என்று ஒரு விராலைக் கொடுத்துவிட்டாள். வாங்கக் கூடாதுதான். வாங்கினேன். லாட்ஜுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் ராஜாமணி குழம்பு வைத்துக் கொடுத்தார். நீ அங்கே பத்தியச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டே முழு மீனையும் நானே தின்று தீர்த்தேன். கோபித்துக்கொள்ளாதே.

இதற்கு நடுவில் பென்னலூரில் என் மானம் ஒரு தடவை போனது. அதையும் சொல்லிவிடுகிறேன். மழைக்கு முன்னால் ஏரி விஷயம் பேச ஊர்க்கூட்டம் போட்டார்கள். விதிகளை வாசிக்க என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். போனேன். வரிசையாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓர் இடம் காலி. மடித்த துண்டு ஒன்று கிடந்தது. தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பேச்சு சட்டென்று நின்றது. பக்கத்தில் இருந்த தாவீது என்பவர் குனிந்து, 'எய்ந்திரு சார், அங்க ஆளு குந்திக்கினு கீறாரு' என்றார்.

விஷயம் இதுதான். கூட்டத்துக்கு வர முடியாத வீட்டுக்காரர் தன் துண்டைக் கொடுத்தனுப்புவார். அதை அவர் உட்காரும் இடத்தில் வைப்பார்கள். அதன்பிறகு அது துண்டு இல்லை, அவர்தான். அங்கே கிடந்தது கன்னியப்பன் துண்டு. நான் ஒரு மனிதர் மடியில் போய் உட்கார்ந்திருக்கிறேன்! முடிவு எடுக்கும்போது ஒவ்வொரு வீட்டுக்காரர் பெயராகக் கூப்பிட்டார்கள். கன்னியப்பன் பெயர் வந்ததும் தாவீது அந்தத் துண்டைத் தொட்டுக்கொண்டு 'சரி' என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. நம் பக்கத்தில் இப்படி உண்டா? நான் கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் கோவிந்தம்மாவிடம் நல்லதனமாக ஒரு யோசனை சொன்னேன். வீட்டுக்கு ஒரு லைசென்ஸ்தானே, அவருடையதை ஒப்படைத்துவிட்டு உன் பெயரில் வாங்கிக்கொள், வண்டி தள்ளுகிற பாடும் இல்லை, எனக்கும் நிம்மதி என்றேன். என் நிம்மதிக்காகத்தான் சொன்னேன், அவளும் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். 'கம்பெனில அவுரு பேர எட்த்துட்டாங்க. சங்கத்துலயும் எட்த்துட்டாங்க. இந்த ஒரு காயிதத்துலதான் அவுரு இன்னும் ஆளா கீறாரு. அத்த நானே போயி எட்த்துட்டு வரணுமா? இன்னொரு தபா சொல்லாத சார்' என்றாள். கன்னியப்பன் தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது நன்றாகக் கேட்கும் அவருக்கு. அதன்பிறகு நான் சொல்லவில்லை.

நம் பிள்ளைக்கு வருவோம். ஞானஸ்நானத்தை உடனே வைத்துவிடலாம் என்று அத்தை சொல்வதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து வேண்டாம். டிசம்பரில் மாற்றல் உறுதி என்று கண்ணப்பன் சார் மறுபடி சொன்னார். இதுவரை ஒரு புகார் இல்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வைத்துக்கொள்ளலாம். என் அப்பா பெயர், யாகப்பன், என்றே வைப்போம். பிள்ளைக்கு என்ன பெயர் என்று சாமியார் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது நான். அதை வேறு ஒருவர் சொல்ல, நான் இங்கே சேற்றில் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தால் எனக்குத் தாங்காது.

அவன் மூக்கு யார் மாதிரி என்று நீ எழுதவே இல்லை. எழுது.

தாயையும் பிள்ளையையும் கடவுள் ஒரே கையில் வைத்துக் காக்கட்டும்.

உன்
அமிர்தநாதன்



ஸ்ரீபெரும்புதூர்
11.12.1983

அன்புள்ள மேரி,

இந்தக் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டாதே. முதலில் தனியாகப் படி. பிறகு உன் இஷ்டம்.

செய்தியை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்கத் தெம்பு இல்லை. மாற்றல் இல்லை. தூத்துக்குடி இடம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. என்மேல் விசாரணை முடிகிறவரை லீவும் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு நான் வர மாட்டேன்.

என்ன செய்தாய் என்று கேட்பாய். நான் திருடவில்லை, குடிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நவம்பர் கடைசியில் நல்ல மழை. கால்வாய் நிரம்பி ஓடியது. வாயில் மீன் துள்ளுகிறது, கரையில் கூட்டம். கன்னியப்பனுக்கு மட்டும் காய்ச்சல். சில நாளாகவே அவர்களைக் காணோம். பிறகு ஒரு நாள் காலையில் கோவிந்தம்மா தனியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். எதற்கு வெறும் வண்டி என்று தூரத்திலிருந்தே பார்த்தேன். வழக்கம்போல வேலமரத்தடியில் நிறுத்தினாள், சக்கரத்துக்குக் கல் வைத்தாள். அவர் உட்காரும் இடத்தில் அவர் துண்டை மடித்து வைத்தாள். தூண்டில் கழியின் பிடியை வண்டிச் சட்டத்தில் சாய்த்து, துண்டின் ஒரு முனையை அதில் சுற்றினாள். அவள் பிடியைத் தொடவே இல்லை மேரி. அவர் இருந்தால் முழங்கை எந்த இடத்தில் இருக்குமோ அந்த இடத்தில் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டில் குழம்புக்கு ஒன்றும் இருந்திருக்காது. காய்ச்சலில் கிடந்தவருக்கு ரசம் மட்டும் எத்தனை வேளை கொடுப்பாள்? நான் பார்த்தேன். பார்க்காதவன் மாதிரி வாய்ப்பக்கம் நடந்துவிட்டேன். அதுவே குற்றம்தான், விதிப்படி.

கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்தது. கண்ணப்பன் சாரும், சென்னையிலிருந்து வந்த ஒரு பெரிய அதிகாரியும். முன்கூட்டித் தகவல் கிடையாது. ஜீப்பிலிருந்து இறங்கிய பெரியவர் முதலில் பார்த்தது வேலமரத்தடியைத்தான். லைசென்ஸ் கேட்டார். கோவிந்தம்மா இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஆண் பெயர் இருக்கிறதே, அந்த ஆள் எங்கே என்றார். அவள் கொஞ்சமும் தடுமாறாமல், 'அவுருதான் புடிக்கிறாரு சார். துண்டு கீது பாரு' என்றாள்.

பெரியவர் சிரித்தார். டிரைவர் சிரித்தார். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் அவளுக்கு அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை. ஊரே ஒப்புக்கொள்கிற ஒன்றைச் சொல்லிவிட்டு, இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டுமோ என்று நினைத்தவள் போல, துண்டை எடுத்து உதறி மறுபடி மடித்து வைத்துக் காட்டினாள். அவர்கள் இன்னும் சிரித்தார்கள்.

சிரித்து முடித்ததும் பெரியவர் தன் வேலையைப் பார்த்தார். கன்னியப்பன் லைசென்ஸை ரத்து செய்யுங்கள், இந்தப் பெண்பிள்ளைமேல் வழக்கு எழுதுங்கள் என்று கண்ணப்பன் சாரிடம் சொன்னார். அவர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்ற ரொம்ப நேரம் ஆனது அவருக்கு.

அந்த நேரத்தில் நீயும் பிள்ளையும் என் நினைவில் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தீர்கள். பிள்ளையின் முகம் எனக்குத் தெரியாது, உன் முகம் வந்தது. சும்மா இருங்கள், இன்னும் கொஞ்ச நாள்தான், வந்துவிடுங்கள் என்று நீ சொன்ன மாதிரிகூட இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் வாய் பேசிவிட்டது. 'ஐயா, அந்தத் தூண்டில் என்னுடையது. நான்தான் போட்டு வைத்தேன். துண்டும் என்னுடையது. லைசென்ஸ்காரர் வீட்டில் படுத்திருக்கிறார். இந்த அம்மா எனக்குப் பயந்துகொண்டு மாற்றிச் சொல்கிறார்' என்றேன்.

பெரியவர் என்னைப் பார்த்தார். கண்ணப்பன் சார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். ஆகஸ்டில் நான் எழுதிக் கேட்ட கேள்வி இன்னும் அவர் பையில்தானே இருக்கிறது. காவலுக்கு வைத்தவனே காவல் நேரத்தில் மீன் பிடித்தால் என்ன தண்டனையோ அது எனக்கு எழுதப்பட்டது. தூண்டில் கழியை ஜீப்பில் போட்டுக்கொண்டார்கள். லைசென்ஸை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்கள். துண்டை டிரைவர் என் தோளில் எறிந்துவிட்டுப் போனான்.

மாமா என்னைக் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார். இந்தத் தடவை நழுவவில்லை மேரி.

இதோடு கதை முடிந்தால் உனக்கு எழுதக் கொஞ்சம் பெருமையாகவாவது இருக்கும். கோவிந்தம்மா கையெடுத்துக் கும்பிடுவாள் என்று நினைத்துத் திரும்பினேன். நினைத்தேன்தான், மறைப்பானேன். அவள் முகம் கறுத்துக் கிடந்தது. 'இன்னா காரியம் பண்ணிட்ட சார் நீ? அவுரு துண்ட உன்னுதுன்னுட்டியே. அப்ப அங்க இம்மா நேரம் குந்திக்கினு இருந்தது யாரு? நீயா?' என்று கேட்டாள். நான் துண்டை நீட்டினேன். வாங்கவில்லை. வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அதன்பிறகு ஊரில் ஒருவரும் என்னோடு பேசவில்லை. வழக்கு எழுதுகிற காலத்தில்கூட என்னைத் திட்டவாவது செய்வார்கள். இப்போது அதுவும் இல்லை. வேலையும் போகுமோ என்ற நிலைமை, வீட்டுக்கும் வர முடியாது, யாருக்காகச் செய்தேனோ அவளும் முகம் கொடுக்கவில்லை. ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்று நின்றேன். டீக்கடை ராஜாமணியிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, 'நீ புளுகுனது தப்பு இல்ல சார். கழிய உன்னுதுன்னு சொன்ன, சரி. துண்ட ஏன் சொன்ன? சபையில ஒருத்தர எய்ப்பி வுட்டுட்டு நீ குந்துன மாதிரி ஆய்ப்போச்சு' என்றார். லைசென்ஸில் கன்னியப்பன் பெயரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். ஊர்க் கணக்கில் அவரை எழுப்பிவிட்டவனும் நானே. ஊர்க்கூட்டத்தில் முதல் தடவை தெரியாமல் உட்கார்ந்தேன், இந்தத் தடவை தெரிந்தே உட்கார்ந்திருக்கிறேன்.

போன வியாழக்கிழமை அந்தத் துண்டைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தாவீதையும் அக்கம்பக்கத்து ஆட்களையும் கூப்பிட்டுக்கொண்டுதான் போனேன். கன்னியப்பன் காய்ச்சல் விட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எல்லார் முன்னாலும் துண்டை அவர் தோளில் போட்டு, 'அன்றைக்கு ஏரியில் உட்கார்ந்திருந்தவர் நீங்கள்தான். நான் இல்லை' என்றேன். அவர் இடது கையால் துண்டைத் தடவிப் பார்த்துவிட்டு 'ம்' என்றார். தக்கை அமிழ்ந்தால் சொல்வாரே, அதே 'ம்'. கோவிந்தம்மா உள்ளே போய் எனக்கு டீ கொண்டுவந்தாள். டம்ளரை வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகத்தான் இருந்தது, ஆனாலும் டீ இனிப்பாக இருந்தது.

எல்லாரும் போனபிறகு நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திருப்பிப் பேசாதவரிடம் பேசுவது சுலபம். உன்னைப் பற்றிச் சொன்னேன், பிள்ளை பிறந்ததைச் சொன்னேன், ஞானஸ்நானத்துக்குப் போக முடியாததைச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போது அழுதுவிட்டேன். கோவிந்தம்மா சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கன்னியப்பன் கையை நீட்டி என் தோளில் கிடந்த என் துண்டை உருவினார். தன் மடியில் வைத்து, ஒரே கையால் மடித்தார். மடிப்பு கோணலாக வந்தது, பிரித்து மறுபடி மடித்தார். பிறகு என் கையில் வைத்து அழுத்தி, ரொம்பச் சிரமப்பட்டு, 'ஊருக்கு' என்றார்.

இப்போது கோவிந்தம்மா வேறு மூங்கில் வெட்டிக் கழி செய்துவிட்டாள். நேற்று அவர் மறுபடி வேலமரத்தடிக்கு வந்துவிட்டார். விசாரணை முடிகிறவரை என்னை அங்கேயே காவலுக்கு வைத்திருக்கிறார்கள். வேறு ஆள் இல்லையாம். நானும் லைசென்ஸ் கேட்டேன். அவள் இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள். கன்னியப்பன் என்று வாசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

கோபத்தில் நீ என்ன எழுதினாலும் எனக்குச் சம்மதம். அடுத்தவள் புருஷன் பெயருக்காகத் தன் பிள்ளை பெயரைச் சொல்ல வராமல் போனவன் என்று எழுதினாலும் அது பொய் இல்லை. ஞானஸ்நானத்தை மட்டும் இனித் தள்ளிப்போடாதே. மழைக்காலப் பிள்ளை, குளிர் நாள், எனக்குப் பயமாக இருக்கிறது. குறித்த நாளிலேயே வைத்துவிடுங்கள்.

தனிப் பார்சலில் என் துண்டு வருகிறது. பச்சைக் கரை போட்டது. கல்யாணத்தன்று மாமா என் தோளில் போட்டாரே, அதேதான். கோணலாக மடித்திருக்கும். அந்த மடிப்பைப் பிரிக்காமல் அனுப்புகிறேன். கோவிலில் உன் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் விட்டு, அதில் வை. அங்கே வேறு யாரும் உட்கார வேண்டாம், அத்தையே ஆனாலும். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், நீ சிரிக்காதே. சாமியார் பெயர் கேட்டதும் அதை ஒரு தடவை தொட்டுக்கொண்டு யாகப்பன் என்று நீ சொல். அழாமல் சொல் மேரி, பிள்ளைக்குக் கேட்க வேண்டும். தண்ணீர் ஊற்றி முடிந்ததும் மடிப்பைப் பிரித்து அவன் தலையை அதிலேயே துவட்டு. அவர் மடித்த அன்று காலையில் துவைத்ததுதான், ஆனாலும் கொஞ்சம் ஏரி வாடை அடிக்கும். அப்பன் வாடை அதுதான் என்று அவனுக்குச் சொல்.

உங்கள் இருவரையும் மாதா விட்டுப் பிரியாமல் இருக்கட்டும்.

உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்
அமிர்தநாதன்